முட்டிவலித் தளபதி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். உன் அத்தையும் நலமாகத்தான் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன குறை. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்து நாற்காலியிலிருந்து அத்தை "சம்பந்தி, எப்படி இருக்கீங்க" என்கிறார்கள், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. இதை நீ மட்டும் படி.

உன் தம்பியை டயர் கடையில் சக்கரம் நேர் பார்க்கிற மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள், முதலாளிக்கு அவன் மேல் நல்ல அபிப்பிராயம். கை கழுவாமல் ஃப்ரிட்ஜைத் திறக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை, கைப்பிடியைப் பார்த்தால் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுண்டருக்குக் கண்ணாடி போட்டு நடுவில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதில் வாயை வைக்காமல் காதை வைக்கிறார்கள், நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிடக்கிறது. மேல் வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்ததும் அந்த அம்மா செய்த முதல் வேலை என்ன தெரியுமா, வழி தேர்ந்தெடுத்து ஆடுகிற உன் போர்க்கதையின் நான்காம் பாகத்தைப் போனில் படித்ததுதான். மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க சம்பந்தி பயங்கர மூளைக்காரங்க போல, அந்தக் குதிரைப்படை வர்ற இடத்துல போனைக் கீழ வைக்கவே முடியல" என்றார்கள். நான்காம் பாகம் வந்ததே எனக்குத் தெரியாது. நான் பெற்றவளின் கதை வந்திருக்கிற செய்தியை இன்னொருத்தர் வந்து சொல்ல, எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்த வேகத்தில் தம்பியிடம் சொல்லி என் போனில் இறக்கிக்கொண்டேன். முதல் பக்கத்தில் உலகமும் கதையும் என்று உன் பெயர் இருந்தது, எனக்குப் பெருமைதான். அடுத்த வரியில் போர் வரலாறு என்று உன் அத்தை பெயர். அதற்கும் கீழே நன்றி சொல்லியிருந்தாய். "என் குடும்பத்துக்கு" என்று ஒரு வரியில் நானும் தம்பியும் மூட்டையாகக் கிடக்கிறோம், உன் பூனைக்குத் தனி வரி. பூனை என்ன செய்தது, பாப்பா? எந்தக் கோட்டையைக் கட்டிக் கொடுத்தது?

மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் என்ற மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. படை அதிகாரிகளாகப் போகிற பிள்ளைகளுக்குக் கல்லூரியில் போர் வரலாறு நடத்தியவர்கள், விஷயம் தெரிந்தவர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேட்டு நாட்டுக்கும் ஆற்று நாட்டுக்கும் நடக்கிற சண்டையை அவர்களா மூட்டிவிட்டார்கள்? அது என் கவுண்டருக்கு அடியில் பிறந்த சண்டை. உன் அப்பா மூன்றாம் மாடி வார்டில் படுத்திருந்தார், குழந்தைகளை அங்கே விடமாட்டார்கள், கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உன்னையும் வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. கவுண்டருக்கு அடியில் என் கால்மாட்டில் உன்னை உட்காரவைத்து, ஒரு எக்ஸ்ரே உறையைக் கிழித்துக் கொடுத்து, இது ஆறு, இது மேடு, நடுவில் ஒரு பாலம், பாலம் யாருக்கு என்பதுதான் தகராறு என்று ஆரம்பித்துவைத்தவள் நான். நீ ஆற்று நாட்டு ராணி. அப்பா மேட்டு நாட்டுத் தளபதி. லாரியில் கிளட்சை மிதித்து மிதித்து முட்டி போனவர் என்பதால் முட்டிவலித் தளபதி என்று நீதான் பட்டம் கொடுத்தாய். நான் இரண்டு பக்கத்துக்கும் தூது. மாடி ஏறும்போது உன் மிரட்டலைக் கொண்டுபோவேன், இறங்கும்போது அவர் கட்டளையைக் கொண்டுவருவேன். "குதிரைக்குத் தண்ணி காட்டாம சண்டைக்கு வர மாட்டேன்னு சொல்லு", "இறக்கத்துல அவசரப்பட்டா வண்டி கவுந்துடும், ராணியை மெதுவா வரச் சொல்லு" என்பார். நீ கவுண்டருக்கு அடியிலிருந்து சல்யூட் அடிப்பாய். விசாரிக்க வந்தவர்கள் எனக்குத்தான் சல்யூட் என்று நினைத்துக் குழம்புவார்கள். அந்தச் சண்டையில் ஒரு ஆளும் செத்தது கிடையாது. அடி வாங்கினவர்கள் வார்டில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்படி இருந்த சண்டையை நான்காம் பாகத்தில் வந்து பார்த்தால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டு நாலு வழி காட்டுகிறாயே, நான் வேண்டுமென்றே அத்தை எழுதிய படைக்கு எதிர்ப்பக்கம் சேர்ந்தேன். தோற்கடித்துக் காட்டுவது என்று ஒரு வைராக்கியம். வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சண்டை போட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். எந்த வழியில் போனாலும் மடக்கிவிடுகிறார்கள். ஒரு தடவை பனிமூட்டத்தில் வழி தவறினேன். ஒரு தடவை என் படைக்குச் செருப்பு தேய்ந்துபோய், முள்ளுக்காட்டில் நடக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். படை என்றால் வாளும் ஈட்டியும்தான் என்று நான் நினைத்திருக்க, செருப்பில் கொண்டுவந்து தோற்கடித்துவிட்டார்களே என்று வயிறெரிந்தேன். தினமும் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் நொண்டி நொண்டி வருவதைப் பார்க்கிறேன், அது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்.

அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பாலத்துக்கு வந்ததும்தான் பொறுக்க முடியவில்லை. நம் முட்டிவலித் தளபதி விழுகிறார். வாய்க்கால் பக்கம் இழுத்துப் போனேன், செத்துப்போனார். ஆற்று நாட்டு வைத்தியரைக் கூப்பிட்டேன், அவர் வருவதற்குள் செத்துப்போனார். ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்து, பாலத்துக்கே போகவேண்டாம் என்று வேறு ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன், அங்கே ஒருவன் வந்து தளபதி இறந்துவிட்டார் என்று செய்தி சொல்கிறான். எத்தனை விதமாகப் போனாலும் அவரைப் பிழைக்கவைக்க வழியே இல்லை. போர் வரலாறு யார் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே, எனக்கு வந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "உங்க அம்மாவுக்கு ஒருத்தரைப் பிழைக்க வைக்கவே தெரியாதா" என்று கேட்டுவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை ஆபீஸில் மீட்டிங்கில் இருந்ததாம், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், உன் அத்தையே என்னைக் கூப்பிட்டார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நானும் தயாராகத்தான் எடுத்தேன். அவர்களோ மெதுவாக, "சம்பந்தி, அவர் பிழைக்கிறதுக்கு நான் மூணு வழி எழுதிக் கொடுத்தேன். வாய்க்கால்ல ஒண்ணு, படகுல ஒண்ணு, கழுதை வண்டியில வைக்கோலுக்குள்ள மறைச்சு ஒண்ணு. உங்க பொண்ணு மூணையும் எடுத்துட்டா" என்றார்கள். நான் நம்பவில்லை. ஏன் எடுத்தாளாம் என்று கேட்டேன். "நானும் அதைத்தான் கேட்டேன். அவர் ரொம்பக் களைச்சுப் போயிட்டார் அத்தை, இனிமே ஓட வைக்க வேண்டாம்னு சொன்னா. சொல்லிட்டு என் முன்னாடி உட்கார்ந்து அழுதா. அப்பா போனப்ப அழவே இல்ல அத்தைன்னு சொல்லிச் சொல்லி அழுதா" என்றார்கள்.

நான் டப்பாவை மூடிவைத்துவிட்டேன். பாப்பா, உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது. நீ அழுதாய் என்று கேட்டதும் ஒரு தாய்க்கு முதலில் என்ன தோன்ற வேண்டும், ஐயோ என் பிள்ளை என்றுதானே. எனக்கு முதலில் தோன்றியது, அவர்கள் முன்னாலா என்பதுதான். அப்பா போன அன்று நீ அழாமல் தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். வந்தவர்களெல்லாம் என்ன தைரியம் இந்தப் பெண்ணுக்கு என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷமாக அந்த அழுகையை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் கொண்டுபோய் இன்னொருத்தர் மடியில் இறக்கியிருக்கிறாய். குதிரைப்படையை அவர்களுக்குக் கொடு, கோட்டையைக் கொடு, முதல் பக்கத்தில் பெயரைக் கொடு, நான் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுவேன். அந்த அழுகை என்னுடையது என்று எனக்குத் தோன்றியது. தப்போ சரியோ, தோன்றியது. அதே போனில் அத்தை, "பாலத்துல நாலாவதா ஒரு வழி இருக்கு, அதைத் தொட்டீங்களா" என்று மட்டும் கேட்டார்கள். தொடவில்லை. அதில் "பக்கத்தில் உட்கார்" என்று எழுதியிருந்தது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டித்தான் போயிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் நின்றபடியே அதைத் தொட்டேன். ஆட்டத்தில் எனக்காக நடக்கிற அந்தச் சின்ன ஒற்றன் தளபதி பக்கத்தில் உட்காருகிறான். யாரும் அவனை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லவில்லை. தளபதி காலணியைக் கழற்றச் சொல்கிறார், முட்டியை நீவிவிடச் சொல்கிறார். அப்புறம் சொல்கிறார், கொஞ்ச நாளாக என் பெயரில் வந்த கட்டளையெல்லாம் என்னுடையது இல்லை, எனக்குப் பேச்சு நின்றுவிட்டது, தூது போகிற பெண் தானாகச் சொன்னது, நானே பேசியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் பாப்பா, கடைசியில் அவர் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள், பேச்சு இல்லை. நீ கீழே பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பாய் என்று நான் மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக் கட்டளையைத் தயார் செய்துகொண்டு இறங்குவேன். "வீரர்கள் எல்லாரும் தூங்கட்டும், நான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னாரென்று ஒருநாள் வந்து சொன்னேன். நீ சல்யூட் அடித்தாய். அது அவர் சொன்னது இல்லை என்று உனக்கு அப்போதே தெரியுமா? என் குரல் காட்டிக் கொடுத்ததா, முகமா? தெரிந்துமா அவ்வளவு விறைப்பாகக் கையைத் தூக்கினாய்? எனக்காகவா அடித்தாய்? இத்தனை வருஷம் இதை எனக்குள் வைத்திருந்தேன், உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி வேலையிலிருந்து வந்து ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டான். நான் போனை நீட்டினேன். அவன் படித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அப்பா முகம் நினைவில்லை, முட்டியை நீவிவிடச் சொல்வார் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டான், வெகுநேரம் பேசினோம்.

மறுநாள் நானே உன் அத்தைக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கத்தைப் படித்தேன் என்றேன். "எனக்குத் தெரியும் சம்பந்தி, அதான் தொடச் சொன்னேன்" என்றார்கள். எழுதியதும் எழுத்துப்பிழை பார்க்க அவர்களிடம்தான் கொடுத்தாயாம். ஆக, அதையும் எனக்கு முன்னால் அவர்கள் படித்தாகிவிட்டது. நல்ல மனுஷிதான், அழுகிற பிள்ளையை விட்டு எழுந்து போகாமல் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள், அதற்கு நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும், கும்பிடவும் செய்தேன். ஆனாலும் போனை வைத்த பிறகு இந்த மனசு இருக்கிறதே, அது உள்ளே புகைந்துகொண்டேதான் இருந்தது, இப்போது எழுதும்போதும் புகைகிறது. புகையட்டும், அதனால் உனக்கு ஒரு கெடுதலும் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள், கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, மாப்பிள்ளை மீட்டிங்கில் இருந்தபோது நான் போனில் கத்தியதற்கு வருத்தப்பட்டேன் என்று அவரிடம் சொல். நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். உன் கதை இன்னும் பெரிதாக வளர வேண்டும். அத்தைக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் கிடைக்கட்டும், மனசார எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அப்பாவைப் பற்றி உனக்கு இனி எது நினைவுக்கு வந்தாலும், சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும், எந்த நேரமானாலும் முதலில் என்னைக் கூப்பிடு. ஸ்பீக்கர் வேண்டாம். என்னிடம் சொல்லி முடித்த பிறகு அவர்களிடம் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா