பொன்னுலிங்கம் கத்தாத வளைவு

மார்த்தாண்டம்
12-2-1954

கர்த்தருக்குள் பிரியமான மகன் செல்வதாஸுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றி அப்படி எழுதக் கை ஓடவில்லை. நீயும் உன்னோடு தீயணைப்பு வண்டிப் பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளும் சுகம்தானா? அம்மா உனக்கென்று கருப்பட்டி கட்டி வைத்துவிட்டு மெட்ராஸுக்குப் போகிற ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இராஜாக்கமங்கலம் பக்கம் ஓலைக்குடிசைகள் தீப்பிடித்து, அணைக்கப் போன வண்டி பாதி வழியில் வளைவில் மாட்டுவண்டிமேல் மோதாமல் ஒடிக்கப் போய்க் குளத்துக்குள் கவிழ்ந்துவிட்டது. ஓட்டினவரும் பின்னால் நின்றுகொண்டு போன இரண்டு பேரும் செத்துப்போனார்கள். தண்ணீர் வந்து சேராமல் பதினோரு குடிசையும் எரிந்தது, ஒன்றில் எழும்ப முடியாத சீக்காளி ஒருத்தி கிடந்தாள். ஓட்டினவருக்குப் பக்கத்தில் இருந்தவன் பொன்னுலிங்கம், என் பஸ்ஸில் ஆறு வருஷம் கிளீனராக நின்றுவிட்டுப் பிறகு தீயணைப்பில் சேர்ந்தானே, அவன்தான். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போய்ப் பார்த்தேன். மாட்டுவண்டிய நான் தூரத்திலேயே கண்டேன் அண்ணாச்சி, அவரு காணல்ல, பெரியவரு ஓட்டும்போ நம்ம என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன் என்று அழுதான். எனக்கு அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. அவனுக்கு அதைப் படிப்பித்தவன் நான். தக்கலை வளைவில் ஒரு தடவை லாரி வருகிறது என்று கத்தினதற்கு, எனக்குக் கண்ணில்லையா என்று எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தேன். லாரி வந்தது மக்கா. அவன் கத்தினதால்தான் ஒதுக்கினேன்.

போன கடிதத்தில் நீ, ஒவ்வொரு முக்கிலும் பக்கத்தில் இருக்கிறவன் பார்த்துச் சத்தமாகச் சொல்லணும், அதைக் கேட்டுப் பதில் சொன்ன பிறகே வண்டியைத் திருப்பணும் என்கிறார் வாத்தியார், சின்னப்பையன்மாரிடம் கேட்டு ஓட்டக் குறைச்சலாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். டிரைவர் மகனுக்கு எவன் சொல்லித் தரணும் என்று நானும் பெருமையாகப் பதில் போட்டேன். அதைக் கிழித்து எறி. இருபத்தெட்டு வருஷமும் என்னைக் காப்பாற்றினவர்களை அதட்டிக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன், அந்த வெட்கம் எனக்கு இப்போதுதான் வருகிறது. நீ அப்படி ஓட்டி, உன்னை நம்பி ஏறினவர்களைக் குளத்தில் போட்டுவிடாதே, பயமாக இருக்கிறது. கண்டால் கத்து, கோபப்பட மாட்டேன் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லு. சொன்னேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

ஆண்டவர் உன் கைக்கும் காலுக்கும் துணையிருக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பு முறிந்து கிடக்கிறவன், என்னைக் கண்டதும் மரியாதைக்கு எழும்பப் பார்க்கிறான்.

உன் அப்பா,
ஆபேல்