சூளைக்குப் போன தசாவதாரம்

என் கண்ணான கோமதிக்கு,

ஏட்டி, நலமா என்று எழுதிவிட்டு அடித்தேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. இருக்கிற இடத்தில் நீ நலமாக இருக்கணும் என்றுதான் தினமும் உலகம்மன் சன்னதியில் விளக்குப் போடுகிறேன். அது உனக்கு வந்து சேருகிறதா?

நாளை அமாவாசை. மறுநாள் கொலு. இந்த வருஷம் முறைப்படி நம் தசாவதாரம் என் வீட்டுப் படியில் நிற்கணும். பரணிலிருந்து பெட்டியை இறக்கி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ போன பிறகு இந்தப் பொம்மைகளுக்கு நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லாமல் படியில் தூக்கி வைக்க மனசு வரவில்லை.

முழு செட்டாக வாங்க நம்மால் ஆகாது என்று முதல் வருஷமே தெரிந்துபோயிற்று. குற்றாலத்தில் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு நாம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்போது நீதான், "மதினி, பகவானே ஒவ்வொண்ணாத்தானே எடுத்தாரு, நாமளும் ஒவ்வொண்ணா எடுப்போம்" என்றாய். வருஷம் ஒரு அவதாரம். பாதி நீ வடகம் விற்ற காசு, பாதி என் பால் கணக்கில் மிச்சம் பிடித்தது. ஒரு வருஷம் உன் வீட்டில் கொலுவிருப்பு, அடுத்த வருஷம் என் வீட்டில். அடுத்தடுத்த வீடுதானே, சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.

சீசன் முடிகிற சமயமாகப் பார்த்துப் போவோம். ஆவணி பிறந்துவிட்டால் கூட்டம் குறைந்துவிடும். விற்காத மண் பொம்மையை ஊருக்குத் திரும்பக் கட்டி ஏற்றிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே மூக்கும் கையும் போய்விடும் என்று கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். விலை தானே இறங்கும். அருவியில் குளித்து, சாமி கும்பிட்டு, ஈரத்தலையோடு கடைக்குள் நுழைந்தால் நேரே பொம்மையிடம் போகமாட்டாய். மரச்செப்பை எடுத்து விலை கேட்பாய். சாவி கொடுத்தால் கொட்டடிக்கிற தகரக் குரங்கை எடுத்து, "இது அடுத்த ஆடி வரைக்கும் அடிக்குமா, இல்லை தென்காசி போய்ச் சேருததுக்குள்ள ஓய்ஞ்சிருமா" என்று கேட்பாய். கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லி அலுத்த பிறகு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "அந்த மூலையில இருக்கே கூர்மம், அது எவ்வளவு" என்பாய்.

அதற்குப் பிறகு என் வேலை. கவிழ்த்து அடியில் பார்ப்பேன், உள்ளே கீறல் ஓடியிருக்கிறதா என்று. எச்சில் விரலால் சாயத்தைத் தேய்ப்பேன். காதோடு வைத்து நகத்தால் தட்டுவேன். நன்றாக வெந்த மண் கணீரென்று பேசும், வேகாததும் விண்டதும் பொத்தென்று கிடக்கும். ஒரு தடவை கடைக்காரர், "என்ன ஆச்சி, கதவைத் தட்டுத மாதிரி தட்டுதிய, உள்ள யாரும் இல்லை" என்றார். நீ சும்மா இருந்தாயா? "ஆள் இருந்தா வாடகை கேக்கலாம்னுதான் பாக்கோம் அண்ணாச்சி." அவரே சிரித்து விலையைக் குறைத்தார்.

நான் தட்டி முடித்தால் நீ வாங்கிக் கையை நீட்டித் தூரப் பிடிப்பாய். தலையைக் கொஞ்சம் சாய்ப்பாய். அழகாக இருக்கிறதா என்று நீ பார்த்ததே இல்லை. நம்மைப் பார்க்கிறதா என்றுதான் பார்ப்பாய். "இது வேண்டாம் மதினி, அடுத்த கடையைப் பாக்குது" என்று எத்தனை ராமரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். உடம்புக்கு நான், முகத்துக்கு நீ. அப்படித்தான் வைத்திருந்தோம், யாரும் சொல்லாமலே.

அணா போய் நயா பைசா வந்த வருஷம் வாமனர். கடையில் பழைய கணக்கும் புதுக்கணக்கும் ஒரே குழப்பம். சாரல் வேறு நிற்கவில்லை. தட்டினால் வாமனர் பொத்தென்றார். நான் வேண்டாம் என்றேன். நீ நீட்டிப் பிடித்தாய், பிறகு கையை இறக்கவே இல்லை. "பாரேன் மதினி, பிள்ளை நம்ம வீட்டுக்கு வாரேங்கு." சத்தம் சரியில்லை என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டோம், கிடைத்தார். வீட்டில் வந்து வரிசையில் வைத்தால் நரசிம்மரைவிட ஒரு சாண் உயரம். கொலு பார்க்க வந்த மேலத்தெரு பெண்கள், "இவருக்கு மூணு அடி எதுக்கு, ஒரு அடியே போதுமே" என்று போகிறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நீ அவர்களுக்குச் சுண்டலை அளவாகத்தான் கொடுத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கல்கி வந்து பத்தும் முடிந்தது போன வருஷம். உன் வீட்டுப் படியில் முதல் தடவையாகப் பத்துப் பேரும் சேர்ந்து நின்றார்கள். கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல் வந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வீடு கழுவினோம். உனக்குத்தான் தெரியுமே, சாவு விழுந்த வீட்டில் மண்பாண்டம் வைத்துக்கொள்ளக் கூடாது. ராயகிரியிலிருந்து வந்திருந்த உன் நாத்தனார் பானை, சட்டி, உலைமூடி எல்லாவற்றையும் புறவாசலில் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரையில் கொண்டு போட்டு உடைக்க ஆளும் வந்து நின்றது. நான் துடைப்பத்தோடு திரும்புகிறேன், பானைகளுக்குப் பக்கத்தில் நம் பெட்டி.

"அக்கா, அது கொலுப் பொம்மை" என்றேன்.

"கொலுப் பொம்மை என்ன தங்கத்துலயா பண்ணியிருக்கு? மண்ணுதான."

"பாதி என்னோடதுக்கா."

"உன் பாதியை எடுத்துக்கோ. யாரு வேண்டாம்னா?"

எந்தப் பாதியை எடுப்பேன்? ஒவ்வொரு பொம்மையிலும் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. "எல்லாத்துலயும் பாதிக்கா. கழுத்துக்கு மேல அவளுது, கீழ என்னுது" என்றேன். வாய்க்கு வந்ததுதான். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அப்போ தலையை உடைச்சுப் போட்டுட்டு முண்டத்தைக் கொண்டு போறியாக்கும்" என்றாள்.

கோமதி, அவளைத் தப்பாக நினைக்காதே. தீட்டு என்றால் எனக்கும் பயம்தான். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி என் பூஜை அறையில் வைக்க எனக்கே கை வராது. அங்கேயே நின்று யோசித்தேன். வெங்கலத்தைப் புளி போட்டு விளக்கி எடுத்துக்கொள்கிறோம். இரும்பை நெருப்பில் காட்டி எடுத்துக்கொள்கிறோம். மண்ணை மட்டும் ஏன் விடுகிறோம்? சோற்றுப் பானையைத் திரும்பச் சுடுகிற கூலிக்குப் புதுப்பானையே வாங்கிவிடலாம், அதனால்தானே?

"வேளார் வீட்டுல பொங்கப்பானைக்குச் சூளை அடுக்குதாங்க. இதையும் அதுல வச்சு எடுத்திருவோம். அக்கினி பட்டா தீட்டு ஏது?"

"சாயமெல்லாம் எரிஞ்சு போயிருமே. பெறகு எது ராமரு, எது கிருஷ்ணரு?"

"வில்லு இருக்கு, குழல் இருக்கு."

"மூஞ்சி?"

அதுதான் என் நெஞ்சிலும் குத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி, உன் வீட்டுக்காரர், நீ போனதிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்தவர், கிணற்றடியில் உட்கார்ந்தபடியே, "ஆத்துல போட்டா போனதுதான். நெருப்புல நாலஞ்சாவது நிக்கும். விடுக்கா" என்றார். உன் நாத்தனார் பெட்டியைக் காலால் நகர்த்தாமல், குனிந்து கையால் தூக்கி என் பக்கம் வைத்தாள்.

வேளார் வீட்டம்மா, "வெடிச்சா எங்களைக் கேக்கப்படாது ஆச்சி" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வைக்கோலும் விறட்டியும் அடுக்கி, பானைகளுக்கு நடுவில் அவர்களைப் படுக்க வைக்கும்போது ஒவ்வொரு முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முகம் அப்படி ஞாபகம் இருக்குமா? உன் முகமே சில நாள் விட்டுப் போகிறது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று யோசிக்கிறேன்.

சூளை பிரிக்கிற அன்று போனேன். நரசிம்மர் மட்டும் வெடித்திருந்தார். நான் தட்டிப் பார்த்ததில் எல்லோரையும்விடக் கணீரென்று பேசினவர் அவர்தான், விலையும் அவருக்குத்தான் கூட. "உள்ளுக்குள்ள கோவம் போல" என்றாள் வேளார் வீட்டம்மா. வாமனரை எடுத்துத் தட்டினேன். கோவில் மணி மாதிரி இருந்தது. அன்றைக்குக் குற்றாலத்துச் சாரலில் ஈரத்தைக் குடித்துவிட்டு ஊமையாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வேண்டாம் என்றவரை நீ அல்லவா எடுத்தாய்.

ஒன்பது பேரும் நல்ல சிவப்பாக, சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தார்கள். கண் இல்லை. நாமம் இல்லை. கிருஷ்ணருக்கு அந்தக் கள்ளச் சிரிப்பு இல்லை. நான் பார்த்து வாங்கினது மிஞ்சியிருக்கிறது, நீ பார்த்து வாங்கினது போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

இந்த ஆவணியில் தனியாகக் குற்றாலம் போனேன். நரசிம்மர் ஒன்று வாங்கலாம் என்று. தட்டினேன், சத்தம் சரி. அடியில் பார்த்தேன், சரி. கையை நீட்டித் தலையைச் சாய்த்துப் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லையடி. எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரியும் இருந்தது, யாருமே பார்க்காத மாதிரியும் இருந்தது. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

சாயம் பூச ஒரு ஆளைக் கேட்டேன். அவர் கேட்டது நமக்குக் கட்டுப்படி ஆகாது. அதுவுமில்லாமல், ஒன்பது பேருக்கும் ஒரே முகத்தை எழுதிவிடுவார் என்று அவர் பூசிவைத்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால் நானே எழுதிப் பழகுகிறேன். வேளார் வீட்டில் உடைந்த ஓடு வாங்கி வந்து, மத்தியானம் பாத்திரம் கழுவின பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து கண் மட்டும் எழுதுகிறேன். விளக்குக் கரியும் வேப்பம்பிசினும், அணில்வால் முடியில் ஒரு தூரிகை. உன் வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இது எருமைக் கண்ணுல்லா தங்கச்சி" என்கிறார். மனுஷன் இப்போது கொஞ்சம் பேசுகிறார். சாப்பாடும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நீ கவலைப்படாதே.

நாளன்றைக்குப் படியில் ஒன்பது பேரும் கண் திறக்காமல்தான் நிற்பார்கள். வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நரசிம்மர் இடத்தை விட்டுத்தான் அடுக்குவேன்.

அடுத்த நவராத்திரிக்குள் ஒருத்தருக்காவது கண் திறந்துவிடுவேன் கோமதி. எழுதி முடித்ததும் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். நம்மைப் பார்க்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். எத்தனை வருஷமானாலும் அவசரப்பட்டு ஒரு முகத்தை எழுதமாட்டேன். இது அம்மன் மேல் சத்தியம்.

ரத்த உறவில்லாமல் நீ வாய் நிறையக் கூப்பிட்ட
உன் மதினி,
உலகம்மை