கடிக்க வைக்கும் சொல்

மண்ணுக்குள் போன பிறகும் எனக்குக் காது கொடுக்கிற என் அப்பாவுக்கு,

அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். விழித்தால் பிடுங்கிக் கிழித்துவிடுவாள் என்ற பயத்தில் போர்வைக்குள் எழுதுகிறேன்.

நீங்கள் போனதிலிருந்து, எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நம் லயத்து வீட்டுக்கு அடிக்கடி வருகிறார். உங்களை ஆபீஸ் வாசலில் மழையில் நிற்க வைத்த அதே ஆள். இப்போது பிஸ்கட் டின், அம்மாவுக்குப் புடவை, எனக்குச் செருப்பு. தன்னைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொல்கிறார். தலையில் வழியும் எண்ணெயைவிடப் பேச்சில் வழிவது அதிகம். ஈப்போவில் அவர் மகள் வீட்டில் குழந்தை பார்க்க ஆள் வேண்டுமாம். நான் பள்ளியை விட்டுவிட்டுப் போகவேண்டுமாம்.

தானா ராத்தா டவுனில் என் பள்ளி நூலகத்துப் பெரிய அகராதியில் 'பெய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தேன். தூண்டிலில் குத்தும் இரை. வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய மொழியிலிருந்து வந்ததாம். 'கடிக்க வைப்பது' என்பதுதான் முதல் பொருள். கடிப்பதைச் சொல்லும் 'பைட்'டும் அதே குடும்பம். நாம் இரை என்கிறோம், அதில் மீனின் பசி தெரிகிறது. அவர்கள் சொல்லில் கரையில் நிற்பவனின் எண்ணம் தெரிகிறது. நீங்களும் ஆற்றில் புழு குத்தி மீன் பிடித்தவர்தான். எந்த மீனிடமாவது 'நான் உன் சித்தப்பா' என்று சொன்னீர்களா?

நேற்று அவர் எதிரிலேயே, "இதெல்லாம் பெய்ட்ம்மா" என்றேன். தமிழில் சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மா காதில் அது மலாய் 'பாய்க்' என்று விழுந்தது. நல்லது என்று நானே ஒப்புக்கொண்டதாக நினைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா கிராணி, புள்ளையே பாய்க்குன்னுட்டா. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போங்க."

எஸ்டேட் துரை தும்மினாலும் 'யெஸ் சார்' போடுகிற அந்த ஆங்கில மேதைக்கு நான் சொன்னது புரியாமல் இருக்குமா? என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாய்க் லா. கெட்டிக்காரப் புள்ள."

இவரிடம் போய் வெட்கத்தை எதிர்பார்த்தேனே. அம்மாவுக்குத் தெரியாத மொழியில் நான் எதைச் சொன்னாலும் அவருக்குத்தான் வசதி.

காலையில் அம்மா தேயிலை பறிக்க மலைக்குப் புறப்படுமுன் தமிழில் சொல்லிவிடுவேன். அடித்தாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் ஏறமாட்டேன். இது வாக்கு, அப்பா.

இன்னும் பள்ளிக்கூடம் போகிற உங்கள் மகள்,
மல்லிகா