எல்லாம் சுகம் என்று வந்த மின்னஞ்சல்

இன்று காலை உங்கள் மின்னஞ்சல் வரவில்லை, அண்ணை. தேநீர் ஆறும்வரை கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகும் ஒரு வருடமாக, விடிந்தால் உங்கள் பெயர் திரையில் வந்து நிற்கும். இந்த வதை எப்போது ஓயும் என்று பயந்து பயந்து திறந்தவள் நான். ஓய்ந்ததும், வந்துவிடாதா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

நாம் ஒன்றாக வேலை செய்த ஊர்காவற்றுறைக் கந்தோரில் முன்பெல்லாம் காலையில் கணினிச் சேர்வரின் பிழைப்பதிவைத் திறந்து, நாம் இருவரும் வரி வரியாகத் தேடுவோம். அலுத்துப்போய் நீங்கள் ஒரு சின்ன நிரல் எழுதினீர்கள். இரவில் விழுந்த பிழைகளைப் பொறுக்கி, காலையில் அதுவே உங்கள் பெயரில் இருவருக்கும் அனுப்பிவிடும். பிழை இல்லாத நாளிலும் “பிழை இல்லை. எல்லாம் சுகம்” என்று வரும். அது எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன்.

“வராட்டி சுகம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பீர். சேர்வர் செத்துக்கிடந்தாலும் மெயில் வராதுதானே?” என்றீர்கள்.

நெடுந்தீவார் புத்தி அது. படகால் இறங்கியதும் கைபேசியில் வீட்டுக்குக் கோல் எடுத்து “இறங்கிட்டன்” என்று சொல்லாமல் அடுத்த அடி வைக்கமாட்டீர்கள். என்னையும் பழக்கிவிட்டீர்கள். வேலையாக உங்கள் தீவுக்கு வரும்போதெல்லாம் இறங்குதுறையில் நின்று, வீட்டில் நிற்கும் உங்களுக்குக் கோல் எடுப்பேன். “ஓம், இனி வாரும்” என்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை உங்கள் அக்கா அழுதுகொண்டு கோல் எடுத்தார். நித்திரையிலேயே போய்விட்டீர்கள் என்றார். நான் அவரோடு வாதாடினேன்.

“இல்லை அக்கா, இப்பதானே அண்ணையின்ரை மெயில் வந்தது. எல்லாம் சுகம் எண்டு போட்டிருக்கிறார்.”

அந்தப் பக்கத்தில் அழுகை நின்றுவிட்டது. ஒரு கணம் அவர் என்னை நம்பியிருக்கிறார். அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இன்று தேடிப் பார்த்ததில், சேர்வரில் இடம் நிரம்பி நிரல் நின்றிருந்தது. அப்படியே விட்டால் என்ன என்று யோசித்தேன். நிம்மதியாகத் தேநீராவது குடிக்கலாம். ஆனால் சேர்வர் செத்தாலும் தெரியவராதே. பழைய பதிவுகளை அழித்து இடம் எடுத்துவிட்டு நிரலைத் திறந்தேன். அனுப்புபவர் இடத்தில் உங்கள் பெயர். அதை அழிக்க எனக்கு ஏலவில்லை. “எல்லாம் சுகம்” என்பதை மட்டும் எடுத்தேன். உங்கள் பெயரில் இனி அந்தப் பொய் வர விடமாட்டேன். ஓட்டிப் பார்த்தேன், உங்களிடமிருந்து வந்தது. பிழை இல்லை என்று மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுப் பூசைக்கு நெடுந்தீவுக்கு வருகிறேன். படகால் இறங்கியதும் கை தானாகக் கைபேசியை எடுக்கும். யாருக்கு “இறங்கிட்டன்” என்று சொல்வேன், அண்ணை?