வட்டம் மாறாத மேசை

ஜூன் 3

தம்பி கொண்டுவந்த உருண்டை மேசையை வழக்கமாக வாங்கும் டாக்டரம்மாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. மூன்று கால், கருத்த தேக்கு, சோபா ஓரத்தில் வைக்கிற அளவு. எழுபது வருடமாவது இருக்கும் என்று சொன்னேன். அடியில் கறை, கால் நுனியில் தேய்மானம், கையால் அறுத்த திருகாணி எல்லாம் சரியாக இருந்தது. என் பழைய மரச்சாமான் கடைக்கு என் வாய்ச்சொல்தான் முதல். மேலே ஒரு கண்ணாடி போட்டு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

ஜூன் 4

கண்ணாடிக்கு அளவெடுத்தேன். குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே அளவு. மயிரிழை வித்தியாசம் இல்லை.

மரம் ரேகைக்குக் குறுக்கே வருடா வருடம் கொஞ்சம் சுருங்கும், நெடுக்கே சுருங்காது. அதனால் பழைய உருண்டை மேசை முழு வட்டமாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும். அப்படிப் பார்த்தால் இது புதுசு. ஆனால் மற்றதெல்லாம் பழசு என்கிறதே?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டேப்பை மாத்திப் பாரு" என்றார். எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வைத்தியம் வைத்திருப்பார். மாற்றியும் பார்த்தேன்.

ஜூன் 5

மேல்பலகையை மட்டும் யாராவது பிற்பாடு மாற்றியிருப்பார்களோ? அப்படியானால் கறை பலகையிலும் காலிலும் ஒரே நிறமாக எப்படி? யாரோ தம்பியை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள், பாவம். பிறகு யோசித்தேன் — யாரோவா?

எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "ஒரு வீட்டைக் காலி பண்ணாங்க." எந்த வீடு? "பழைய வீடுதான்க்கா." பொய் சொன்னால் காதைச் சொறிவான், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இன்று சொறியவில்லை. அதுவும் குழப்பம்.

ஜூன் 6

கடையில் இருக்கிற இன்னொரு உருண்டை மேசையையும் அளந்தேன். அதுவும் தம்பி கொண்டுவந்தது. அதுவும் வட்டம்.

ஜூன் 7

டாக்டரம்மா வருவதற்கு முன்னால் கேட்டே விட்டேன். "நீயா செஞ்சே?" தலையாட்டினான், டீ குடிக்கிறாயா என்று கேட்டதற்கு ஆட்டுவதுபோல.

"ஏன்டா?"

"புதுசா செஞ்சு காட்டினப்போ, இது தெருவுக்குப் பத்துக் கடையில கிடைக்கும்னு நீதானேக்கா சொன்னே. பழசுன்னா தடவித் தடவிப் பாக்குறே."

கறை எங்கே படியும், கால் எந்தப் பக்கம் தேயும் என்று வாடிக்கையாளர்களுக்கு நான் விளக்கியதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். வட்டத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று திட்ட வாயெடுத்தேன். பாவி, எவ்வளவு அழகா செஞ்சிருக்கான் என்றும் கூடவே தோன்றியது. ரெண்டும் ஒண்ணா வந்தா ஒரு மனுஷி என்னதான் பண்றது?

டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "உங்களுக்கே தெரியலையா?" என்றார். தெரியலைங்க என்றேன். மேசை வேண்டாம் என்றுவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "போன வருஷம் உங்ககிட்ட வாங்கின கண்ணாடிச் சட்டம், அது பழசுதானே?" என்று கேட்டார். பழசுதான் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. நான் நம்புகிறேனா?

ஜூன் 10

தம்பி கடைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வராவிட்டால் போகட்டும். வந்தால் மட்டும் என்ன பேசுவேன்?

ஜூன் 19

வந்தான். கையில் ஒரு முக்காலி. கறை இல்லை, தேய்மானம் இல்லை, நேற்றுச் சீவிய மரம். கதவருகே வைத்தான்.

"இது நான் செஞ்சது. என்ன விலைக்குப் போகும்?"

கவிழ்த்துப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்த எதுவும் அதில் இல்லை.

"தெரியலடா" என்றேன்.

இத்தனை வருடத்தில் விற்கிற சாமான் எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. இதில் உட்கார்ந்தேன். டீ வாங்கி வரச் சொல்லி அவனை அனுப்பினேன். அவன் திரும்பி வரும்வரை எழுந்திருக்கவில்லை.