இருபது வெல்டர்கள்

அன்புள்ள மெத்தோதிக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நேற்று வெல்டிங் தேர்வில் தேறிவிட்டேன். மணிக்கட்டில் தீப்பொறி பட்டு ஒரு கொப்புளம், அவ்வளவுதான். நம் லோம் ஊரில் இருபது வெல்டர்கள் இருந்தால்தான் தொழிற்சாலை திறப்போம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்களே, சரியாக இருபது பேர் தேறினோம். ஆனால் வாசலிலேயே ஒரு ஜெர்மன் ஏஜென்ட் நின்றிருந்தார். ஒன்பது பேர் ஜெர்மனியில் வேலைக்குப் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"ஏண்டி பென்கா, நீயுமா?" என்று என்னோடு தேறியவளைக் கேட்டேன்.

"தொழிற்சாலை வரும் வரும்னு காத்துக் கெடந்தா பல்லு கொட்டிரும்க்கா."

அவளைத் திட்ட மனம் வரவில்லை. என்னிடமும் தாளை நீட்டினார்கள். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். உங்களைக் கேட்டு நான் எதைச் செய்திருக்கிறேன்!

இன்னும் ஒரு மாதம் பட்டறைப் பயிற்சி இருக்கிறது. கண் ஓயாமல் எரிகிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். போன் பேசும்போது டிவியை அணைக்காதீர்கள், வீட்டுச் சத்தம் கேட்கட்டும்.

பதினோரு பேர் போதுமா என்று நகராட்சியில் விசாரியுங்கள். போதாது என்றாலும் பயிற்சி முடிந்ததும் நான் ஊருக்குத்தான் வருகிறேன்.

பட்டறை மணி அடித்துவிட்டது.

உங்கள்
யோர்டாங்கா