இருபது ஃபைல் சேரும்வரை

மார்ச் 3, திங்கள்

பயிற்சிக் காலத்தில் இன்றோடு இரண்டு மாதம் முடிந்தது. இன்னும் ஒரு மாதம்.

காலையில் அக்காவின் வழக்கமான விசாரணை. அவள் வேறொரு மருத்துவமனையில் பதினான்கு வருடமாக நர்ஸ். "நீ ஊசி போட மாட்ட. மருந்து எழுத மாட்ட. ரத்தத்தப் பாத்தா உக்காந்துடுவ. அப்புறம் ஆஸ்பத்திரில உனக்கு என்னடா வேலை?" நிர்வாகம் என்றேன். "அதான் கேக்கறேன், என்ன வேலை?" இரண்டு வருடம் மாலை வகுப்பில் மருத்துவமனை நிர்வாகம் படித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அத்தான்தான் ஆதரவாக, "எல்லாரும் வேலை செய்றாங்களான்னு பாக்கறதுதான் மாப்ளயோட வேலை" என்றார். அது ஆதரவா கிண்டலா என்று யோசித்ததில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

தாமதமாகப் போனதும் நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். மனதுக்குள் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சுற்றறிக்கையார். எதற்கெடுத்தாலும் ஒரு சுற்றறிக்கை போட்டு, எண் கொடுத்து, சுவரில் ஒட்டிவிடுவார். கை கழுவும் குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்பதற்கே ஒன்று இருக்கிறது. எண் 87.

"ஓ.பி.ல பதிவு பண்ணி டாக்டரப் பாக்க சராசரியா ரெண்டு மணி பத்து நிமிஷம் ஆகுது. ஏன்னு மாசக் கடைசிக்குள்ள எனக்குத் தெரியணும். உங்களை நிரந்தரம் பண்றது அதைப் பொறுத்துத்தான். காரணம் போதும். போன தடவை மாதிரி அறிக்கைல கவிதை வேண்டாம்."

போன அறிக்கையை 'காலைச் சூரியன் கண்ணாடிக் கதவில் விழும் வேளையில்' என்று ஆரம்பித்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் ஏழு வருடம் மேற்பார்வை பார்த்த செருப்புக் கடையின் முதலாளி மாசக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

டை கட்டிக்கொண்டு, கையில் நோட்டோடு ஓ.பி. வராந்தாவில் நின்றேன். கழிவறை எங்கே என்று முப்பத்தொரு பேர் கேட்டார்கள். இன்று நான் சரியாக எண்ணியது அதை மட்டும்தான்.

டாக்டரிடம் கேட்டால், "ஃபைல் வந்தாத்தானே பாக்க முடியும்?" ஃபைல் அறையில் கேட்டால், "நாங்க ரெண்டே நிமிஷத்துல எடுத்து வண்டில வெச்சிடறோம் சார்." பதிவு மேசையில் கேட்டால், "எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா நாங்க என்ன பண்றது?" மூவருமே நிஜத்தைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது?

மார்ச் 5, புதன்

அக்கா சொன்னாள்: "டையக் கட்டிக்கிட்டு நின்னா எவன்டா வாயத் திறப்பான்? நோயாளியா போய் உக்காரு."

அத்தான்: "முகத்துல ஏற்கெனவே பாதி இருக்கு. மீதிய நடிச்சாப் போதும்."

மார்ச் 6, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அத்தானின் பழைய சட்டை, தொப்பி, முகக்கவசம். பதிவு மேசையில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது, என்னைத் தெரியாது. "என்ன தொந்தரவு?" என்று கேட்டாள். அதை யோசித்து வைக்காமலே போயிருக்கிறேன்! வாயில் வந்ததைச் சொன்னேன்: "தலைசுத்தல்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். தலைசுற்றல் என்று வருபவர்களை ஓர் அடிகூட நடக்க விடக் கூடாது, மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டி, சக்கர நாற்காலியில்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சுற்றறிக்கை எண் 338. அதை ஜனவரியில் எழுதிக் கொடுத்து, பாராட்டும் வாங்கியவன் நானேதான்.

"இப்பப் பரவாயில்லம்மா, நானே நடந்து போறேன்."

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்வாங்க. அப்புறம் கீழ விழுவாங்க." ஊழியர் ஒருவர் என்னைப் பிடித்து உட்காரவைத்து, பட்டையை இறுக்கிக் கட்டினார். விதியை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்! பெருமையாகவும் இருந்தது, எழுந்து ஓடவும் தோன்றியது.

தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். டாக்டர்கள் இருப்பது இரண்டாம் மாடியில். நாற்காலி நோயாளி தன் ஃபைலோடு சேர்ந்துதான் மேலே போக வேண்டுமாம். பக்கத்திலேயே ஃபைல் வண்டி. அதைத் தள்ளும் அண்ணன் வண்டிமேல் முழங்கையை ஊன்றி அமைதியாக நின்றிருந்தார். லிஃப்ட் வந்தது. திறந்தது. காலியாக மூடிக்கொண்டது. மறுபடி வந்தது. அவர் அசையவில்லை.

குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டுக் கேட்டேன். "ஏன்ணே போகாம நிக்கறீங்க?"

"இன்னும் இருபது சேரலையே. பதினொண்ணுதான் இருக்கு."

"இருபது எதுக்கு?"

அவர் லிஃப்ட் பக்கத்துச் சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம். தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. 'சுற்றறிக்கை எண் 29. ஃபைல்களை இருபது இருபதாக மட்டுமே மேலே எடுத்துச் செல்ல வேண்டும்.' கீழே சுற்றறிக்கையாரின் கையெழுத்து. தேதி பார்த்தேன். பதினோரு வருடம்.

"அப்ப லிஃப்ட் நாளுக்கு நாலு தடவ நின்னுடும்" என்றார் அண்ணன். "அதனால போட்டாரு. அப்புறம் புது லிஃப்ட் வந்துச்சு. ஆனா காகிதம் அப்படியே இருக்குல்ல?"

எட்டு ஐந்துக்கு வந்த முதல் ஆளின் ஃபைல் வண்டியிலேயே தூங்குகிறது. ஒன்பது பத்துக்கு இருபதாவது ஆள் வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது. அதுவரை மேலே டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் இருபது பேரும் ஒரே நேரத்தில் கதவை முட்டுகிறார்கள். கண்டுபிடித்துவிட்டேன்! நாற்காலியில் துள்ளியே விட்டேன். "தலை ரொம்பச் சுத்துதா?" என்று அண்ணன் என் தோளை அழுத்தினார்.

அப்போது பார்த்து சுற்றறிக்கையாரே அந்தப் பக்கம் வந்தார். முகக்கவசம் காப்பாற்றியது. என் பக்கம் குனிந்து, அலுவலகத்தில் நான் கேட்டேயிராத ஒரு கனிவான குரலில், "ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?" என்றார்.

நாற்பத்தைந்து நிமிடம். நோட்டில்கூட எழுதியிருந்தேன். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "இல்லீங்க சார், இப்பதான் வந்தேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பிற்பாடு டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, "அட, நீங்களா!" என்று சிரித்து, வந்ததற்காக ரத்த அழுத்தமும் பார்த்தார். 150/100. நடிக்கப் போன இடத்தில் நிஜமாகவே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை. அக்காவுக்கு இவ்வளவு சந்தோஷம் நான் பார்த்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

அறிக்கையில் முதல் வரி: 'தாமதத்துக்குக் காரணம் தாங்கள்தான்.' அடித்தேன். 'தங்கள் பொன்னான கரங்களால் பதினோரு ஆண்டுகளுக்கு முன்…' அதையும் அடித்தேன்.

என்னை வேலையில் வைப்பதா அனுப்புவதா என்று கையெழுத்துப் போடப்போகிறவரும் அவர். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர். நான் என்ன செய்ய?

மார்ச் 12, புதன்

லிஃப்ட் மெதுவாக ஓடுவதே காரணம் என்று எழுதி முடித்தேன். அத்தான் படித்துவிட்டு, "பாவம், அதுக்கு வாய் இருக்கா என்ன" என்றார்.

மார்ச் 13, வியாழன்

காலையில் லிஃப்டில் ஏறினேன். இரண்டாம் மாடிக்குப் பதினெட்டு விநாடி. வெட்கமாக இருந்தது. அறிக்கையைக் கிழித்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஐந்து ஃபைல் சேர்ந்ததும் கொண்டுபோகச் சொல்லி ஃபைல் அண்ணனைக் கெஞ்சினேன். "காகிதம் குடுங்க சார், போறேன்." காகிதம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எனக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

காலை எட்டிலிருந்து நானே தூக்கினேன். மூன்று மூன்று ஃபைலாக. லிஃப்ட் கிடைக்காதபோது படியில். பத்து மணி வரை கணக்குப் பார்த்தேன். சராசரி நாற்பத்தெட்டு நிமிடம். நாற்பத்தெட்டு! ஒரு டாக்டர் வெளியே வந்து, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்து ஐந்துக்கு லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே சுற்றறிக்கையார். வெளியே நான், சட்டை நனைந்து, கையில் மூன்று ஃபைலோடு.

"மீதி பதினேழு எங்க?"

அதற்கு மேல் எதையும் மறைக்க முடியவில்லை. சுவரைக் காட்டினேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தலைசுற்றல், மஞ்சள் பட்டை, நாற்காலி, எல்லாம். அவர் ஒரு காலால் லிஃப்ட் கதவைத் தடுத்தபடி எட்டி, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தன் காகிதத்தையே படித்தார், யாரோ எழுதியதைப் படிப்பதுபோல.

"மூணு வாரத்துக்குன்னு நெனச்சுத்தான் போட்டேன்" என்றார். "அதுவரைக்கும்னு ஒரு தேதி போட மறந்துட்டேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது. அடுத்த நொடியே அவர் என் பக்கம் சட்டென்று திரும்பினார். "இருங்க. நாற்காலில இருந்து 'இப்பதான் வந்தேன்'னு சொன்ன ஆள் நீங்களா?"

"ஆமா சார்."

"அதை நான் இயக்குநர் குழுக் கூட்டத்துல சொல்லிட்டேன்யா! காத்திருக்கவே வேண்டியதில்லைன்னு ஒரு நோயாளி வாயாலேயே கேட்டேன்னு! கை தட்டினாங்க!"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அவர் வெளியேவா உள்ளேயா என்றுகூடப் பார்க்கவில்லை. போச்சு. எல்லாம் போச்சு. யாரு என்ன கேட்டாங்க, நான் ஏன் அந்தப் பொய்யச் சொன்னேன்? நாற்பத்தஞ்சு நிமிஷம்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?

மார்ச் 20, வியாழன்

சுவரில் அந்தக் காகிதம் இல்லை. டேப் ஒட்டியிருந்த நான்கு கறை மட்டும். பக்கத்தில் புதிதாக ஒன்று: 'சுற்றறிக்கை எண் 341. சுற்றறிக்கை எண் 29 ரத்து செய்யப்படுகிறது.'

ஃபைல் அண்ணன் இன்று நான்கு ஃபைலோடு மேலே போனார். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவரோ என்னைப் பார்த்து, "வண்டி வெறுமையா இருக்கற மாதிரி இருக்கு சார்" என்றார்.

சுற்றறிக்கையார் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 26, புதன்

பேசவில்லை. வணக்கம் சொன்னால் தலையசைக்கிறார், அவ்வளவுதான். அக்கா ஒன்றும் கேட்காமல் குழம்பில் உப்புப் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் பரிதாபப்பட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மார்ச் 31, திங்கள்

ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. செருப்புக் கடை முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

இந்த வேலை எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது இன்றுதான் தெரிகிறது.

ஏப்ரல் 9, புதன்

முதல் தேதி நிரந்தர ஆணை கையில் வந்ததிலிருந்து எழுத நேரமே இல்லை. 341 சுற்றறிக்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னும் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தத் தேதி வரை என்று சுற்றறிக்கையாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்று 112 வரை வந்திருக்கிறோம். குழாய் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

மதியம் ஒரு கடிதம் வந்தது. வராந்தாக் கடைசியில் கேன்டீன் நடத்துகிறவர் எழுதியது. பிழையில்லாமல், அழகான கையெழுத்தில்:

'மதிப்பிற்குரிய உதவி மேலாளர் அவர்களுக்கு. முன்பெல்லாம் ஒரு நோயாளிக்கு இரண்டு டீ, கூட வந்தவருக்கு ஒரு டீயும் பன்னும் என்று வியாபாரம் நல்லபடியாக நடந்துவந்தது. இப்போது டீ ஆறுவதற்குள் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பாதி டீயில் எழுந்து ஓடுகிறார்கள். தாங்கள் தலையிட்டு, மக்கள் முன்புபோல் நிம்மதியாகக் காத்திருக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

ஆணைக் கடிதத்தில் தவிர வேறெங்கும் யாரும் என்னை இதுவரை 'உதவி மேலாளர்' என்று அழைத்ததில்லை. நான்கு முறை படித்தேன். பிறகு சுற்றறிக்கையாரிடம் நீட்டினேன். அவர் படித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. "ஃபைல்ல போடுங்க" என்றார்.

போட மனசு வரவில்லை. சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.